ஜூரியின் கையில் காகிதம்: அந்தமான் தண்டனை வழக்குகளை முன்வைத்து

குற்ற வழக்கு நடக்கும் அறையில் நீதிபதி எழுதுகிறார். இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுதுகிறார்கள். சுருக்கெழுத்தாளரும் பத்திரிகை நிருபரும்கூட எழுதுகிறார்கள். குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டிய ஜூரர்கள் மட்டும் காதால் கேட்டதை மனத்தில் வைத்திருந்து முடிவு சொல்ல வேண்டும் என்பது ஆங்கிலச் சட்ட மரபில் வெகுகாலம் நிலவிய எதிர்பார்ப்பு. ஜூரர் குறிப்பெடுக்கக் கூடாது என்று எல்லா இடத்திலும் சட்டம் தடுத்துவிடவில்லை. அனுமதிப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் நீதிபதியின் விருப்பமாக இருந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அது கண்டிப்பான தடையாகவே இருந்தது.

மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மிகப் பழையது எழுத்தறிவு. பன்னிரண்டு பேரில் இருவருக்கோ மூவருக்கோ மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த காலத்தில், குறிப்பு வைத்திருப்பவர் சொல்வதே வேதமாகிவிடும் என்று அஞ்சினார்கள். எழுதக் குனிந்தால் சாட்சியின் முகத்தைப் பார்க்கத் தவறுவார்கள் என்பது இன்னொன்று. அற்பமான செய்தி தாளில் ஏறிவிட்டால் அதற்குத் தகுதிக்கு மீறிய கனம் வந்துவிடும் என்றும், தவறாக எழுதியதே பிறகு உண்மையாக நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். எழுத்தறிவு பரவிய பிறகு முதல் காரணம் உதிர்ந்துவிட்டது. மற்றவை நீதிபதிக்கும் அப்படியே பொருந்தும். ஆனாலும் நீதிபதி எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

இந்தியாவில் ஜூரியின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற பெண், தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டாள். ஆளுநர் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் முன் நடந்த அந்த விசாரணையில் ஆங்கிலேயர் ஆறு பேர், போர்ச்சுகீசியர் ஆறு பேர் ஜூரியில் அமர்ந்தார்கள். கொலை நடந்தது உண்மை, ஆனால் குற்றப் பத்திரிகையில் சொன்ன முறையில் அல்ல என்று குழப்பமான பதில் ஒன்றை அவர்கள் முதலில் சொன்னார்கள். திரும்பக் கேட்டபோது குற்றமற்றவள் என்றார்கள். இறந்தவள் அடிமை என்பதையும் அமர்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மண்ணில் ஜூரி எந்தக் கோணலோடு கால் வைத்தது என்பது தெரியும்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஜூரி கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களில் வேரூன்றியது. வெளி மாவட்டங்களுக்கு 1861ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் அதைக் கொண்டுசென்றது. சென்னை மாகாணத்தில் சில மாவட்டங்களில் மட்டும், அதுவும் பெரும்பாலும் திருட்டு, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்களுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. மற்ற செஷன்ஸ் வழக்குகளில் அமர்ந்தவர்கள் அசெசர்கள். இவர்கள் ஜூரர் அல்லர். விசாரணை முழுவதையும் உட்கார்ந்து கேட்டு, முடிவில் தம் கருத்தை வாயால் சொல்வார்கள். அதை நீதிபதி எழுதிக்கொள்வார். அந்தக் கருத்துக்கு அவர் கட்டுப்பட்டவரும் அல்லர்.

1898ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில் எழுதும் வேலை யாருக்கு என்பது தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. செஷன்ஸ் வழக்கில் சாட்சியத்தைப் பதிவு செய்வது நீதிபதியின் பொறுப்பு. ஜூரி அமர்ந்த வழக்கில் அவர் விரிவான தீர்ப்புரை எழுதத் தேவையில்லை. ஜூரிக்குத் தாம் வழங்கிய அறிவுரையின் தலைப்புகளைக் குறித்து வைத்தால் போதும். உயர் நீதிமன்றத்தில் ஜூரர் ஒன்பது பேர். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மூன்று முதல் ஒன்பது வரையிலான ஒற்றைப்படை எண். சாட்சியத்தின் மொழியோ அது பெயர்த்துச் சொல்லப்படும் மொழியோ புரியாத ஜூரரை ஆட்சேபிக்கலாம். ஜூரருக்குக் காகிதமும் எழுதுகோலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தப் பிரிவும் நீதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை. தமிழில் சாட்சி சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, இரண்டையும் காதில் வாங்கி நாள்கணக்கில் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிலைதான் சென்னை ஜூரருடையது. இந்திய ஜூரியின் குறைகளைப் பற்றிப் பின்னர் எழுதியவர்களில் பலர் இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த நீதிமன்றங்களிலிருந்து ஆயுள் தண்டனை பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் பெரியது அந்தமான். 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் குடியேற்றம் தொடங்கியது. தீவுக்கு ஆள்களை அனுப்பிய வழக்குகளில் ஜூரி உண்டு, அசெசர் உண்டு. தீவுக்குள் நடந்த வழக்குகளில் இரண்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அங்கே நிர்வாகியே நீதிபதி.

1872 பிப்ரவரி 8 அன்று மாலை ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபு கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஷேர் அலி அஃப்ரிதி. பெஷாவரில் பழிக்குப் பழி கொலை ஒன்றுக்காக மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டுத் தீவுக்கு வந்தவர். குடியேற்றத்தின் தலைவர் ஜெனரல் ஸ்டூவர்ட்டே அவரை விசாரித்துத் தண்டித்தார். எழுதப்பட்ட சாட்சியம் கப்பலில் கல்கத்தா போயிற்று. ஒரு சாட்சியையும் நேரில் பாராத உயர் நீதிமன்றம் அந்தத் தாள்களைப் படித்துத் தண்டனையை உறுதி செய்தது. மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார். குற்றம் பலர் கண்முன் நடந்ததால் முடிவில் ஐயத்துக்கு இடமில்லை. வழக்கு நடந்த விதம் மட்டும் பின்னால் வந்தவற்றுக்கு முன்மாதிரி போல அமைந்துவிட்டது. பதிவேட்டை எழுதியவரும் தீர்ப்புச் சொன்னவரும் அங்கே ஒருவரே.

வங்காளத்தில் ஜூரி மீது அரசுக்கு இருந்த எரிச்சல் 1892இல் வெளிப்பட்டது. கொலை உள்ளிட்ட கடுங்குற்றங்களை ஜூரியின் வரம்பிலிருந்து நீக்கி லெப்டினென்ட் கவர்னர் சார்லஸ் எலியட் அறிவிப்பு வெளியிட்டார். ஜூரர்கள் தண்டிக்கத் தயங்குகிறார்கள் என்பது காரணம். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்ப, 1893இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அன்றைய வாதங்கள் பெரும்பாலும் ஜூரரின் குணத்தைச் சுற்றியே நடந்தன.

1908-09இல் நடந்த அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு இந்தப் பொருளுக்கு மிக நெருக்கமானது. செஷன்ஸ் நீதிபதி பீச்கிராஃப்ட் முன் 1908 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. இரண்டு அசெசர்கள் அமர்ந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஆயிரக்கணக்கான ஆவணங்கள், வெடிமருந்துப் பொருள்கள், கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள் என்று சான்றுகள் மலைபோல் குவிந்தன. சித்தரஞ்சன் தாஸ் அரவிந்தருக்காக வாதாடிய இறுதி உரையே பல நாள் நீண்டது. 1909 ஏப்ரலில் அசெசர்கள் வாய்மொழியாகக் கருத்துச் சொன்னார்கள். அரவிந்தர் குற்றவாளி அல்லர் என்றார்கள். மே 6 அன்று பீச்கிராஃப்ட் தம் நீண்ட எழுத்துத் தீர்ப்பை வழங்கினார். அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திர குமார் கோஷுக்கும் உல்லாஸ்கர் தத்துக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹேமச்சந்திர தாஸ், உபேந்திரநாத் பானர்ஜி முதலியோருக்கு ஆயுள் தீவாந்தர தண்டனை.

ஆறு மாதம் கேட்டவர்கள் சொன்ன சில வாக்கியங்களும், ஆறு மாதம் எழுதியவர் எழுதிய தீர்ப்பும் ஒரே தராசில் வைக்கப்படவில்லை. மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி ஜென்கின்ஸும் நீதிபதி கார்ண்டஃபும் அலசியது நீதிபதியின் பதிவேட்டையும் ஆவணங்களையும். மரண தண்டனைகள் 1909 நவம்பரில் ஆயுள் தண்டனையாயின. அந்த வழக்கின் கைதிகள் போர்ட் பிளேர் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். உல்லாஸ்கர் அங்கே சித்திரவதையில் மனம் பேதலித்து, பிறகு சென்னை மனநல விடுதிக்கு மாற்றப்பட்டார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. பாரீந்திரர் 1880இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆகவே ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைக்குரிய உரிமையைக் கோருகிறாரா என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஐரோப்பியரை இந்திய நீதிபதிகளும் விசாரிக்க வழி செய்ய முனைந்த இல்பர்ட் மசோதா மீதான கொந்தளிப்புக்குப் பிறகு 1884இல் செய்த சமரசத்தால், அந்த உரிமை உடையவர்கள் குறைந்தது பாதிப்பேர் ஐரோப்பியரோ அமெரிக்கரோ ஆன ஜூரியைக் கேட்கலாம். பாரீந்திரர் அந்த உரிமை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோரியிருந்தால் ஜூரியின் வாக்குக்குச் சட்டப்படியான கனம் இருந்திருக்கும். அந்த ஜூரியில் அவருடைய நாட்டார் சிறுபான்மையாகவும் போயிருக்கலாம். பிறப்பின் சலுகையை ஏற்காத அவருடைய உறுதியைப் போற்றும்போதே, சாதாரண வங்காளிக்கு அசெசர், இங்கிலாந்தில் பிறந்தவருக்கு ஜூரி என்று நின்ற சட்டத்தின் வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும்.

அலிப்பூர் வழக்கு முடியும் முன்பே அரசு அசெசரையும் விட்டுவைக்கவில்லை. 1908 டிசம்பரில் இயற்றிய குற்றச் சட்டத் திருத்தம், அரசியல் குற்றங்களை ஜூரி இல்லாமல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவரின் சிறப்பு அமர்வில் விசாரிக்க வழி செய்தது. சாவர்க்கருக்கு 1910 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதித்தது பம்பாயில் அமைந்த மூவர் தீர்ப்பாயம். அவர் 1911 ஜூலையில் போர்ட் பிளேர் வந்தார். அதே ஆண்டு மணியாச்சியில் நடந்த கலெக்டர் ஆஷ் கொலையைத் தொடர்ந்த சதி வழக்கும் சென்னையில் ஜூரி இல்லாச் சிறப்பு அமர்விலேயே நடந்தது. 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் லாகூரில் கெதர் கட்சியினரை விசாரித்த கமிஷனர்களின் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. சோஹன் சிங் பக்னா, பாய் பரமானந்த் போன்றோர் அங்கிருந்து அந்தமான் சென்றார்கள். 1932இல் சிட்டகாங் படைக்கலச் சாலை வழக்கில் அனந்த சிங், கணேஷ் கோஷ், லோகநாத் பால் ஆகியோரைத் தண்டித்ததும் சிறப்புத் தீர்ப்பாயம்தான். செல்லுலார் சிறையின் பெயர்ப் பலகைகளில் இருக்கும் அரசியல் கைதிகளில் பெரும்பாலோர், தம் நாட்டார் ஒருவர் ஜூரிக் கூண்டில் இருந்து வாக்களிக்கக் கேட்டதில்லை.

ஜூரி இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 1908 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் திலகர் மீது நடந்த ராஜதுரோக வழக்கில் ஜூரர் ஒன்பது பேர். ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். குற்றம் என்று சொல்லப்பட்டவை மராத்தியில் வெளிவந்த கேசரிக் கட்டுரைகள். மராத்தி தெரியாத ஜூரர் முன் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கப்பட்டது. திலகர் தாமே வாதாடி, சொல் சொல்லாக மொழிபெயர்ப்பின் பிழைகளைக் காட்டினார். அவருடைய உரை பல நாள்களில் மொத்தம் 21 மணி 10 நிமிடம் நீடித்தது. ஜூலை 22 இரவு ஜூரர்கள் சற்று நேரமே கூடிப் பேசிவிட்டு ஏழுக்கு இரண்டு என்று தண்டித்தார்கள். நீதிபதி தாவர் ஆறு ஆண்டு தீவாந்தர தண்டனை விதித்தார். திலகர் மாண்டலே சென்றார். மொழியியல் நுட்பத்தில் தங்கியிருந்த 21 மணி நேர வாதத்தை நினைவை மட்டும் நம்பி எடைபோட முடியாது. முன்கூட்டியே முடிவெடுத்த மனத்துக்கு முன் காகிதமும் பயன்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகர் நன்கறிந்த ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துக்கு ஆளான பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் மற்றவர்களும் சதிக் குற்றம் சாட்டப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் நின்றார்கள். ஊரே பேசிய வழக்கு அது. தினமும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. 1945 மே மாதம் ஜூரர்கள் நாயுடுவை விடுவித்து, பாகவதரையும் கிருஷ்ணனையும் ஆறுக்கு மூன்று என்று குற்றவாளிகளாக அறிவித்தார்கள். ஒன்பது பேர் ஜூரியில் சட்டம் ஏற்கும் மிகக் குறைந்த பெரும்பான்மை இதுதான். நீதிபதி உடன்பட்டு ஆயுள் தீவாந்தர தண்டனை விதித்தார். அந்தமான் 1942 மார்ச் முதல் ஜப்பானியர் வசம் இருந்ததால், அந்தத் தண்டனையின் பெயரில் கப்பலேற வழியே இல்லை. தீவு மீண்ட 1945 அக்டோபருக்குப் பின் கைதிக் குடியேற்றமும் கலைக்கப்பட்டது.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில், 1943இல் சேர்த்த 411-ஏ பிரிவின்படி ஜூரி முடிவின் உண்மைச் செய்திகளையும் உயர் நீதிமன்றம் ஆராயலாம் என்பதை எடுத்துக்காட்டி, வழக்கை மறுபடி கேட்கத் திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுதீனும் சாட்சியப் பதிவுகளை வரி வரியாகப் படித்து, முரண்பாடுகளை எடுத்து வைத்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள். சாட்சியங்களில் இருந்த ஓட்டைகள் ஜூரர் கேட்டபோதும் அங்கேதான் இருந்தன. எழுதி வைத்த தாளை முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிட்டதால் நீதிபதிகளுக்கு அவை புலப்பட்டன. ஒரு சாட்சி முதல் வாரத்தில் சொன்னதையும் இன்னொரு சாட்சி பிந்தைய வாரத்தில் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்க ஜூரருக்குச் சட்டம் உறுதி செய்த சாதனம் நினைவு ஒன்றுதான். இரண்டு கலைஞர்கள் இரண்டரை ஆண்டு சிறையில் கழித்தார்கள். பாகவதரின் திரை வாழ்வு பழைய உயரத்துக்குத் திரும்பவேயில்லை.

நாட்டு விடுதலைக்குப் பிறகு அசெசர் முறை 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது. சட்ட ஆணையத்தின் 14ஆம் அறிக்கை 1958இல் ஜூரியையும் ஒழிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு பம்பாயில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரர் எட்டுக்கு ஒன்று என்று விடுவிக்க, செஷன்ஸ் நீதிபதி மேத்தா உடன்படாமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே நானாவதி தண்டிக்கப்பட்டார். 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு நினைவில் நிற்பது பத்திரிகை ஜூரியைக் கெடுத்தது என்ற பாடமாக. உயர் நீதிமன்றம் சுட்டிய இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கிய அறிவுரையிலேயே தவறுகள் இருந்தன. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது, திடீர்ச் சினம் என்றால் என்ன என்பன போன்ற சிக்கலான செய்திகளை ஒரே முறை காதால் கேட்டு உள்வாங்குவதே கடினம். நானாவதி வழக்கே இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பலரும் எழுதுவது சரியல்ல. கல்கத்தாவில் அது மேலும் பல ஆண்டு தொடர்ந்தது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில்தான் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தியா ஜூரியைக் கைவிட்ட பிறகு மற்ற நாடுகள் அதன் கருவிகளைச் சீர்செய்யத் தொடங்கின. 1980களில் லாரி ஹியூயர், ஸ்டீவன் பென்ராட் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நீதிமன்றங்களில், உண்மையான வழக்குகளில் ஜூரரைக் குறிப்பெடுக்க அனுமதித்தும் அனுமதிக்காமலும் ஒப்பிட்டார்கள். பிறகு நாடு தழுவிய அளவில் அதைத் திரும்பச் செய்தார்கள். குறிப்பெடுத்தவர் மற்றவரை அடக்கி ஆளவில்லை. எழுதியவை வழக்கின் போக்குக்குப் பெரும்பாலும் உண்மையாக இருந்தன. விசாரணையும் தாமதமாகவில்லை. நினைவாற்றலில் எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. 1994இல் வெளிவந்த வேறு சில சோதனைகளில் குறிப்பெடுத்தவர்கள் சாட்சியத்தைக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். பழைய அச்சங்கள் மெய்ப்படவில்லை, பயன் வழக்குக்கு வழக்கு மாறுகிறது என்பதே இவற்றிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது. அரிசோனா 1995இல் ஜூரருக்குக் குறிப்பெடுக்கும் உரிமையை விதியாக்கியது. கண்டிப்பான தடைக்குப் பெயர்பெற்ற பென்சில்வேனியாவும் பிறகு இறங்கிவந்தது. இங்கிலாந்தில் இன்று ஜூரருக்குத் தாளும் பேனாவும் கொடுத்து, எழுதுவதில் மூழ்கிச் சாட்சியைக் கவனிக்கத் தவற வேண்டாம் என்று நீதிபதி எச்சரிக்கிறார். குறிப்புகள் ஜூரி அறையை விட்டு வெளியே போகக் கூடாது. வழக்கு முடிந்ததும் அழிக்கப்படும்.

தமிழர் வாழும் நாடுகளில் மலேசியா 1995இலும் சிங்கப்பூர் 1969இலும் ஜூரியை விட்டன. இலங்கையில் அது இன்னும் உள்ளது. ஏழு பேர், குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்பது அங்கே விதி. ஜூரியின் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் 2006இல் கொலையுண்ட வழக்கில் சிங்கள மொழி ஜூரி 2016 டிசம்பரில் நள்ளிரவு கடந்து குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்த முடிவு பற்றித் தமிழர் எழுப்பிய கேள்விகளில் முதன்மையானது ஜூரியின் அமைப்பு. தமிழில் சொன்ன சாட்சியம் சிங்களமாகி அவர்கள் காதில் விழுந்தபின் எந்த உருவில் நினைவில் தங்கியிருக்கும் என்பதும் அதே அளவு கேட்க வேண்டியது. இந்தியாவில் ஜூரியை ஒத்த அமைப்பு பார்சித் திருமண நீதிமன்றங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1936ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகப் பிரதிநிதிகள் அங்கே மண வழக்குகளில் அமர்கிறார்கள்.

அந்தமான் நிக்கோபார் இன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கீழ் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வும் செஷன்ஸ் நீதிமன்றமும் உண்டு. தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபார் மொழிகளும் அன்றாடம் கூண்டில் ஒலிக்கின்றன. ஜூரி இல்லாத இன்றைய செஷன்ஸ் வழக்கில் ஒவ்வொரு சாட்சியின் வாக்கும் நீதிபதியாலோ அவர் சொல்லச் சொல்லவோ திறந்த நீதிமன்றத்தில் எழுதப்பட வேண்டும். சாட்சியின் மொழியிலேயே எழுதுவது இயலாதபோது மொழிபெயர்ப்பு பதிவாகிறது. எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டித் திருத்தமும் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா ஒலி-ஒளிப் பதிவுக்கும் இடம் தருகிறது.